சிறு பிடிப்பான், பெரும் பொறுப்பு

கெலாங் பாத்தாவில் உள்ள மகிழுந்துப் பட்டறைகளில், கதவின் உட்பலகையைக் கழற்றும்போது ‘பட்’டென்ற ஓசை அடிக்கடி கேட்கும். ‘கிளிப்’ எனப்படும் நெகிழிப் பிடிப்பான் உடையும் ஓசை அது.

திருகாணியைப் போல் இதனை முறுக்க வேண்டியதில்லை, அழுத்தினாலே பொருந்திவிடும். எடையும் குறைவு, துருவும் பிடிக்காது. ஒரு மகிழுந்தில் 50 இடங்களில் தலா 10 சென் மிச்சமானால் 5 ரிங்கிட் குறையும். ஓர் இலட்சம் மகிழுந்துகளுக்கு அது 5 இலட்சம் ரிங்கிட்டாகும். எனவே, உற்பத்தியாளர்கள் இதனை விரும்புகின்றனர்.

ஆனால், வெயிலும் இயந்திரச் சூடும் பட்டுப்பட்டு மலிவான நெகிழி நொறுங்கிவிடும். பழுதுபார்க்கும் செலவு பயனீட்டாளர் தலையில் விழும்.

உட்பலகை ஆடினால் இரைச்சல்தான். பாதுகாப்புக்குரிய பாகம் பழுதானால் உயிரே போகும். 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 26 இலட்சம் மகிழுந்துகளைத் திரும்ப அழைத்தது. அவற்றின் சாவி விசையில் இருந்த குறையால் இயந்திரம் ஓட்டத்திலேயே நின்றது, காற்றுப்பைகளும் விரியவில்லை. அதனால் நேர்ந்த 124 இறப்புகளுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. அக்குறையை நீக்க, பாகம் ஒன்றுக்கு ஒரு டாலர்கூடத் தேவைப்பட்டிருக்காது.

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் நீடித்து உழைக்க வேண்டும் என்கிறது. அந்த உரிமையை அறிந்து கேட்பது பயனீட்டாளரின் கடமையாகும்.