டீசல் இன்ஜினுக்கு வயசு ஏத்தலாம் வாங்க: அக்காவின் டிப்ஸ்

பெட்டியிலிருந்து எடுத்த புது லோகோ மாடல் பளபளன்னு இருக்கும். அதை அப்படியே தண்டவாளத்துல வெச்சா, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பொம்மையாத்தான் தெரியும். நிஜ டீசல் இன்ஜின் வெயில்ல வெளுத்து, புகையில கறுத்து, மழையில வழிஞ்சு, எண்ணெய்ப் பிசுக்கோட நிக்கும். தம்பி தங்கச்சிகளே, அந்த அழுக்கை அளவா, அழகா ஏத்துறதுக்கு அக்கா சில வழி சொல்றேன். முதல்லயே ஒண்ணை மனசுல வெச்சுக்கோங்க. காரணம் இல்லாம ஒரு கறைகூட வராது. இந்தக் கறை எங்கேருந்து வந்ததுன்னு சொல்ல முடியாத இடத்துல பிரஷ்ஷை வைக்காதீங்க.

உதாரணத்துக்கு நம்ம டபிள்யூ.டி.எம்-2 லோகோவையே எடுத்துக்குவோம். ஈரோடு ஷெட்டும் பொன்மலை ஷெட்டும் பல வருஷம் பராமரிச்ச இன்ஜின், அதனால நம்மில் நிறைய பேருக்குப் பார்த்த முகம். 1962-ல அமெரிக்காவோட ஆல்கோ கம்பெனி அனுப்பிவெச்சது 40. அப்புறம் 1964-லேருந்து வாரணாசியில கட்ட ஆரம்பிச்சு, 2,000-க்கும் மேல ஓடுச்சு. 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். கிளம்பும்போது டர்போ வேகம் பிடிக்கிற வரைக்கும் கரும்புகை கக்கும். கூரைக்கு என்ன கலர் வேணும்னு அந்தப் புகையே சொல்லிடும்.

வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு இன்ஜினையும் ஒரு காலத்தையும் முடிவு பண்ணிக்கோங்க. இதை நிறைய பேர் தாண்டிப் போயிடறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. பொன்மலை ஒர்க்‌ஷாப்ல பி.ஓ.எச். (குறிப்பிட்ட காலத்துக்கு ஒருதடவை நடக்குற முழுப் பராமரிப்பு) முடிஞ்சு வெளியே வர்ற லோகோ புதுப் பெயின்ட்டோட மினுங்கும். அந்த பி.ஓ.எச். தேதியை உடம்புலயே எழுதியிருப்பாங்க. உங்க மாடல் பி.ஓ.எச். முடிஞ்சு மூணு மாசம் ஆனதா, மூணு வருஷம் ஆனதா? அதைப் பொறுத்துத்தான் அழுக்கோட அளவு. போட்டோ தேடும்போது பக்கவாட்டுப் படம் மட்டும் போதாது. மேம்பாலத்துலேருந்து எடுத்த கூரைப் படம் கிடைச்சா பத்திரமா வெச்சுக்கோங்க. மாடலை நாம எப்பவும் மேலேருந்துதான் பார்க்கிறோம்.

இப்ப டீட்டெய்லிங். ஹெச்.ஓ. ஸ்கேல்னா 1:87. நிஜத்துல சுமார் 17 மீட்டர் நீளமுள்ள லோகோ இதுல 20 சென்டிமீட்டருக்குள்ள அடங்கிடும். அச்சுல வார்த்த தடியான பிளாஸ்டிக் கைப்பிடிகளைச் சீவி எடுத்துட்டு, 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில வளைச்சு வையுங்க. 87 மடங்கு பெருக்கினா 26 மில்லிமீட்டர் வரும், நிஜக் கம்பிக்கு அது பக்கத்துல இருக்கும். ஓட்டையைக் கை டிரில்லால மட்டும் போடணும், மோட்டார் டிரில் பிளாஸ்டிக்கை உருக்கிடும். சூப்பர் க்ளூவை டியூப்லேருந்து நேரா விடாதீங்க. ஊசி முனையில தொட்டு, உள்பக்கமா வையுங்க. கிதார் கம்பியை இதுக்கு எடுக்காதீங்க, அது ஸ்டீல். கட்டர் வாய் போயிடும்.

முன்பக்கம் பஃபர் பீம்ல தொங்குற ஹோஸ்தான் காலத்தைக் காட்டிக் கொடுக்கும். பழைய வேக்குவம் பிரேக் காலத்து லோகோன்னா தடியான வேக்குவம் ஹோஸ். ஏர் பிரேக் வந்த பிறகுன்னா மெல்லிசான பிரேக் பைப்பும் ஃபீட் பைப்பும் வரும். பிரேக் பைப்போட ஆங்கிள் காக் பச்சை, ஃபீட் பைப்போடது வெள்ளை. பிரஷ் நுனியால ஒரு புள்ளி வெச்சாப் போதும், தெரிஞ்சவங்க கண்ணு நேரா அங்கதான் போகும். சக்கரங்களைத் தாங்குற போகியையும் ஒருதடவை பாருங்க. இதுல மூணு அச்சும் சம தூரத்துல இருக்காது, நடு அச்சு ஒரு பக்கமா தள்ளியிருக்கும். மாடல்ல அது சமமா இருந்தா வேற இன்ஜினோட சேஸியைக் கடன் வாங்கியிருக்காங்கன்னு அர்த்தம். அதை மாத்துறது பெரிய வேலை. முதல் மாடல்ல விட்டுடுங்க.

த்ரீ-டி பிரிண்ட் உடம்பு வாங்கினவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. படிப்படியா தெரியுற அந்தக் கோடுகளை 400, 800, 1200-னு உப்புத்தாள் மாத்தி மாத்தி, தண்ணி தொட்டுத் தேய்க்கணும். அவசரப்பட்டு பெயின்ட் அடிச்சா கோடு இன்னும் எடுத்துக் காட்டும்.

பெயின்ட்டுக்குப் போகும் முன்னாடி உடம்பைக் கழட்டி, பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில கழுவிக் காய வையுங்க. ஏர்பிரஷ்னா பெயின்ட் பால் பதத்துக்கு இருக்கணும். அழுத்தம் 1 பார் பக்கத்துல போதும். எழுத்தும் நம்பரும் டெக்கால்லதான் வரும். அதுக்குக் கீழே கிளாஸ் வார்னிஷ் அடிச்சுக்கோங்க, இல்லேன்னா அடியில காற்று தங்கி ஓரம் வெள்ளையா தெரியும். டெக்கால் மேல மறுபடியும் ஒரு வார்னிஷ். அது நல்லா காய்ஞ்ச பிறகுதான் வெதரிங், அதாவது அழுக்கு ஏத்துற வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில லாக்கர் வார்னிஷ் ஸ்பிரே அடிக்காதீங்க. காத்துல இருக்கிற ஈரம் உள்ளே மாட்டிக்கிட்டு, படலம் பால் படிஞ்ச மாதிரி வெளுத்துடும். வெயில் வர்ற வரைக்கும் பொறுங்க. ஜன்னலைத் திறந்து வெச்சு, மாஸ்க் போட்டுத்தான் ஸ்பிரே பண்ணணும், இதுல சமரசமே கூடாது.

வெதரிங்கை வெயில்லேருந்து ஆரம்பிங்க. அடிப்படைக் கலர்ல துளி வெள்ளையோ இளம் சாம்பலோ கலந்து, ரொம்ப நீர்த்து, கூரை ஓரத்துலயும் ஹூட் கதவுகளோட நடுவுலயும் லேசா ஊதுங்க. கறுப்பு வேணும்னு தோணுற இடத்துல எல்லாம் சுத்தக் கறுப்பைத் தொடாதீங்க. இவ்வளவு சின்ன உருவத்துல அது ஓட்டை மாதிரி தெரியும். கருஞ்சாம்பல் எடுங்க. புகைபோக்கி வாயைச் சுத்தி மட்டும் நல்லா அடர்த்தியா வெச்சு, இன்ஜின் ஓடுற திசைக்குப் பின்னாடி இழுத்து விடுங்க. இந்த லோகோ நீள ஹூட் முன்னாடியும் ஓடும், குட்டை ஹூட் முன்னாடியும் ஓடும். அதனால கரி ரெண்டு பக்கமும் படிஞ்சிருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் நடுவுல தொங்குற டீசல் டேங்க். 5,000 லிட்டர் கொள்ளளவு. நிரப்புற வாயிலேருந்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிந்தும். சிந்தின டீசல் தூசியை இழுத்து ஒட்டிக்கும், அதுக்கு மேல மறுபடி சிந்தும். இதை மாடல்ல கொண்டுவர, முதல்ல டேங்க் முழுக்கத் தூசிக் கலரை மெல்லிசா ஊதிக் காய விடுங்க. கரும்பழுப்பு ஆயில் பெயின்ட்டை ஒரு அட்டை மேல பிதுக்கி வெச்சா எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கும். அதுலேருந்து ஊசி நுனி அளவு எடுத்து, வாய்க்குக் கீழே ஒரு புள்ளி. ஒயிட் ஸ்பிரிட்ல நனைச்சு, துணியில ஒத்தி எடுத்த தட்டைப் பிரஷ்ஷால நேர்கீழா ஒரே இழுப்பு. மேலே அடர்த்தியா, கீழே போகப் போகக் கரைஞ்சு காணாமப் போகணும். கோணலா இழுத்துடாதீங்க, டீசல் நேராத்தான் வழியும். கடைசியா அந்தக் கோட்டு மேல மட்டும் கிளாஸ் வார்னிஷ் ஒரு தொடல். சுத்தியும் மங்கலா இருக்க, அது மட்டும் ஈரமா மின்னும். இதே முறையில கூரை ஓரத்துலேருந்து இறங்குற மழைக்கோடுகளையும் போடலாம், ஆனா டேங்க்கைவிடப் பாதி அடர்த்தி போதும்.

போகியில படியறது பெரும்பாலும் துரு இல்லை, பிரேக் கட்டை தேஞ்சு பறக்குற இரும்புத் தூள். அதனால ஆரஞ்சு கலர் வேண்டாம், கரும்பழுப்புதான். அதுக்கு மேலதான் ஊரோட மண். உங்க லைன் கோவில்பட்டிப் பக்கம்னா கரிசல், பெல்லாரி பக்கம் இரும்புத் தாது ஏத்துற லைன்னா செம்மண் சிவப்பு. சாஃப்ட் பேஸ்டல் சாக்கை உப்புத்தாள்ல உரசினா நல்ல பொடி கிடைக்கும். மெத்துனு இருக்கிற பிரஷ்ஷால கீழ்ப்பகுதியில தட்டி விடுங்க. மோட்டாரும் பல்சக்கரமும் பக்கத்துல இருந்தா இந்த வேலையே வேண்டாம். பொடி உள்ளே போனா அரைச்சுத் தின்னுடும்.

அழுக்கு இல்லாத இடங்களையும் கவனிங்க. டிரைவர் கை பிடிக்கிற கம்பி, கால் வைக்கிற படி, கதவுப் பிடி எல்லாம் தேய்ஞ்சு பளபளக்கும். அங்கே பென்சில் கிராஃபைட்டை விரல்ல தொட்டுத் தேய்ச்சா போதும்.

பாதியில பிடிக்கலேன்னா பதறாதீங்க. ஆயில் பெயின்ட்டை அன்னிக்கே ஒயிட் ஸ்பிரிட் தொட்டு அழிச்சிடலாம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மட்டும் உடம்பு மேல கொண்டுபோகாதீங்க, அக்ரிலிக் பெயின்ட்டையே அது கழட்டிடும். அந்தத் திரவம் சக்கரத்துக்குத்தான் நல்லது. சக்கரத்தோட முகப்புக்கு மட்டும் பழுப்பு பூசி, தண்டவாளத்தைத் தொடுற பரப்பை ஆல்கஹாலால துடைச்சு சுத்தமா வெச்சுக்கோங்க, இல்லேன்னா கரன்ட் ஏறாது.

கடைசியா மேட் வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு. பேஸ்டல் பொடி இதுல பாதி மறைஞ்சுடும், அதனால அதை முன்னாடியே கொஞ்சம் தூக்கலா போட்டு வையுங்க. டேங்க் மேல போட்ட அந்த மினுமினுப்பையும் மேட் மங்கலாக்கிடும், அதை இதுக்குப் பிறகு போடுங்க. தூக்கும்போது ஹேண்ட்ரெயிலைப் பிடிக்காம, துணி சுத்தின விரலால டேங்க்கின் அடியைப் பிடிச்சுத் தூக்குங்க.