புளூடூத் இணைப்புச் சாவி: இருப்பிடமும் பராமரிப்பும்



ஒரு மவுஸையோ ஹெட்போனையோ கணினியுடன் முதன்முறை இணைக்கும்போது, இரண்டும் சேர்ந்து 128 பிட் நீளமுள்ள ஓர் இரகசிய எண்ணை உருவாக்கித் தத்தம் நினைவகத்தில் பதித்துக்கொள்கின்றன. இணைப்புச் சாவி எனப்படும் அந்த எண், அடுத்த முறை ஒன்றையொன்று அடையாளம் காணவும், இடையே செல்லும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கவும் பயன்படுகிறது. இணைக்கும்போது திரையில் சில வேளை தோன்றும் ஆறு இலக்க எண்ணைச் சாவி என்று பலர் நினைப்பதுண்டு. அது நடுவில் வேறொருவர் புகவில்லை என்று சரிபார்ப்பதற்கு மட்டுமே உரியது. 2007-இல் வந்த புளூடூத் 2.1 பதிப்பின் பாதுகாப்பு முறையில், சாவி காற்றில் அனுப்பப்படாமல் இரு முனைகளிலும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது.

லினக்ஸில் இந்தப் பணியைப் புளூஸீ என்னும் மென்பொருள் கவனிக்கிறது. கணினியின் புளூடூத் அடாப்டருக்குரிய 48 பிட் முகவரியைப் பெயராகக் கொண்ட கோப்புறைக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கோப்புறையும், அதனுள் 'இன்ஃபோ' என்ற கோப்பும் இருக்கும்; அதில் 'லிங்க்கீ' என்ற தலைப்பின்கீழ் 32 பதினறும எழுத்துகளாகச் சாவி காணப்படும். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனர் மட்டுமே அதைத் திறக்க முடியும். விண்டோஸில் சாவி ரெஜிஸ்ட்ரியில், நிர்வாகிக் கணக்குக்கும் நேரடியாகத் தென்படாத பகுதியில் வைக்கப்படுகிறது.

ஒரே கணினியில் இவ்விரு இயங்குதளங்களையும் வைத்திருப்போருக்கு இங்கேதான் சிக்கல் எழுகிறது. இரண்டுக்கும் அடாப்டர் முகவரி ஒன்றே என்பதால், கருவி அவற்றை ஒரே கணினியாகக் கருதி, விண்டோஸில் இணைத்தவுடன் பழைய சாவியை அழித்துப் புதியதை ஏற்கிறது. லினக்ஸிடம் எஞ்சியிருக்கும் பழைய சாவி அதன்பின் செல்லாது. எனவே, முதலில் லினக்ஸிலும் பிறகு விண்டோஸிலும் இணைத்து, விண்டோஸின் சாவியை எடுத்து லினக்ஸின் கோப்பில் எழுதி, புளூடூத் சேவையை மறுபடி தொடங்கினால் இரண்டிலும் கருவி இயங்கும். குறைந்த மின்சக்தி வகைக் கருவிகளில் சாவியோடு வேறு சில எண்களையும் பெயர்க்க வேண்டியிருக்கும். அக்கருவிகளுள் சில ஒவ்வொரு இணைப்பிலும் தம் முகவரியையே மாற்றிக்கொள்வதால், லினக்ஸில் கருவிக்குரிய கோப்புறையின் பெயரையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

சாவியை வைத்திருப்பவர் அந்தக் கணினியாகவே நடிக்க முடியும் என்பதால், அதன் நகலைக் கடவுச்சொல்லைப் போலவே காக்க வேண்டும். கணினியின் பட்டியலிலிருந்து கருவியை நீக்குவது கணினியிடமுள்ள நகலையே அழிக்கும். ஆகவே கணினியையோ கருவியையோ கைமாற்றுமுன் இரு பக்கத்திலும் தனித்தனியே நீக்குவதே முறை.