பெயர் தெரியாத மரமா? எட்டியா என்று பாருங்கள்

வரப்போரத்தில் பெயர் தெரியாத மரம் நிற்கிறதா? தழையை ஆட்டுக்கு ஒடித்துப் போடுமுன் அது எட்டியா என்று அறிந்துகொள்ளுங்கள்.

1. பட்டை: சாம்பல் நிறம். வேம்பைப்போல் ஆழமாக வெடித்திராது.

2. கிளை: கணுவுக்கு இரண்டு இலைகள் எதிரெதிரே இருக்கும். நாவலுக்கும் இப்படியே, ஆகவே இது மட்டும் போதாது.

3. இலை: தனியிலை, பளபளப்பானது. நாவலிலையில் நடுநரம்பு ஒன்றே ஓங்கி நிற்கும். எட்டியிலோ அடியிலிருந்தே 3 முதல் 5 நரம்புகள் நுனி நோக்கி ஓடும்.

மூன்றும் பொருந்தினால் தழையைத் தீவனமாக்காதீர்கள். கீழே ஆரஞ்சு நிறப் பழமும், பொத்தான் போன்ற தட்டை விதையும் கிடந்தால் ஐயமே இல்லை. விதையிலுள்ள ஸ்டிரிக்னின் கொடிய நஞ்சு. இலையிலும் பட்டையிலும் நஞ்சுண்டு. எனவே குச்சியைக் கடித்துச் சுவை பார்க்காதீர்கள்.

ஐயமிருப்பின், இலையோடு ஒரு சிறு கிளையை அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் காட்டித் தெளிவு பெறுங்கள்.