ஒரே டிரிப், ஒருத்தனுக்கு 5,100, இன்னொருத்தனுக்கு 6,900: நண்பர்களோட செலவைப் பிரிக்கிறது எப்படி?

போன வாரம் வீடியோவுல "ஃப்ரெண்ட்ஸ் டிரிப் பட்ஜெட்" பத்தி ரெண்டு நிமிஷம்தான் பேசினேன். அதைக் கொஞ்சம் விரிவா எழுதச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இதுல வர்ற கணக்கு எங்க கேங்கோட சொந்தக் கணக்கு. சம்பந்தப்பட்ட நண்பன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

நாங்க அஞ்சு பேர், எல்லாரும் திண்டுக்கல். லீவு கிடைச்சா எங்க ஊர்க்காரங்களுக்குக் கொடைக்கானல், இல்லைன்னா சிறுமலை. இந்தத் தடவை கடல் பார்க்கணும், கரையிலயே டென்ட் போடணும்னு முடிவு பண்ணினோம். தனுஷ்கோடியில சாயந்திரத்துக்கு மேல யாரையும் இருக்க விட மாட்டாங்க. அதனால உச்சிப்புளி பக்கத்துல இருக்கிற அரியமான். சவுக்குத் தோப்பு ஓரமா ஒரு தனியார் இடத்துல, உரிமையாளர்கிட்ட பேசி அனுமதி வாங்கினோம். திண்டுக்கல்லுல இருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர்.

போட்ட பட்ஜெட் இதுதான்: கார் வாடகை 6,000, டீசல் 4,000, இடத்துக்கு 2,500, சாப்பாடு 5,200, டென்ட் வாடகை 1,500, டோல், டீ, பார்க்கிங் எல்லாம் சேர்த்து 1,300. மொத்தம் 20,500. அஞ்சால வகுத்தா ஆளுக்கு 4,100. வாட்ஸ்அப் குரூப்ல போட்டதும் அஞ்சு கட்டைவிரலும் வந்துடுச்சு.

அந்த அஞ்சுல ஒரு கட்டைவிரல் பொய். அது எனக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

முதல்ல காத்தைப் பத்திச் சொல்லிடுறேன். நாங்க போனது மே மாசக் கடைசி. அந்த நேரத்துல ராமநாதபுரம் கடற்கரையில தெற்கு, தென்மேற்குக் காத்து பலமா அடிக்கும். அரியமான் இருக்கிறது வடக்கே பாக் ஜலசந்திப் பக்கம். காத்து நிலத்துல இருந்து கடலை நோக்கிப் போறதால கரையோரமா தண்ணி அமைதியாத்தான் தெரியும். அதைப் பார்த்து ஏமாந்துட்டோம். ஊர்ல இருந்து கட்டிக்கிட்டுப் போன பிரியாணி நறநறன்னு மணலோடதான் தொண்டையில இறங்குச்சு. அடுப்பு பத்தவே இல்ல. டென்ட்டோட வர்ற சின்ன ஆணி மணல்ல நிக்காது. பையில மணலை நிரப்பி, கயித்தை அதுல கட்டி, குழி தோண்டிப் புதைக்கணும். இதை மறுநாள் காலையில ஒரு மீனவர் அண்ணன் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டோம். ராத்திரி பதினோரு மணிக்கே ஒரு டென்ட்டோட கம்பி முறிஞ்சு, துணி கிழிஞ்சு போச்சு.

டென்ட் கடைக்காரருக்கு நஷ்ட ஈடு 2,000. ராமநாதபுரம் வந்து லாட்ஜ்ல ரெண்டு ரூம், 3,000. ஆக 25,500, ஆளுக்கு 5,100. வானிலை ஆய்வு மையம் தினமும் மீனவர்களுக்கு வெளியிடுற எச்சரிக்கையில காத்தோட வேகம் கிலோமீட்டர் கணக்குலயே இருக்கும். பார்க்கக் காசு கிடையாது. நாங்க பார்க்கலை, அதுக்கு விலை 5,000.

இப்போ அந்தக் கட்டைவிரலுக்கு வருவோம். எங்கள்ல ஒருத்தன் வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில் ஆபீஸ்ல வேலை பார்க்கிறான், சம்பளம் 18,000. இன்னொருத்தன் சென்னையில ஐடி, 85,000. 5,100ங்கிறது ஐடிக்காரனுக்குச் சம்பளத்துல 6 சதவீதம், மில்லுக்காரனுக்கு 28 சதவீதம். "சமமாப் பிரிச்சாச்சு மாப்ள"ன்னு நாங்க பெருமையா சொல்லிக்கிட்டது இதைத்தான்.

வீட்டுக்குக் கொடுத்தது போக அவன் கையில மாசம் 2,500 கூட நிக்காது. வரலைன்னு சொல்லக் கூச்சம். ஒரு கடன் செயலியில 5,000 எடுத்திருக்கான். கட்டணம் பிடிச்சுக்கிட்டு கைக்கு வந்தது 4,400. முப்பது நாள்ல 5,000 கட்டணும். 4,400க்கு ஒரு மாசத்துல 600 ரூபாய்னா மாசம் 13.6 சதவீதம், வருஷக் கணக்குல 160 சதவீதத்துக்கும் மேல. முதல் மாசம் கட்ட முடியாம, அதையே திரும்ப எடுத்து இதை அடைச்சான். அடுத்த மாசமும் அப்படித்தான். மூணு கடன், மூணு 600, மொத்தம் 1,800. அவனுக்கு அந்த டிரிப் 6,900. ஐடி நண்பனோ கார்டுல தேய்ச்சு, வட்டியில்லாத நாட்களுக்குள்ள கட்டி, கொஞ்சம் கேஷ்பேக்கும் வாங்கிட்டான். கையில பணம் இருக்கிறவனுக்கு அதே டிரிப் இன்னும் மலிவா முடிஞ்சுது பாருங்க.

நீங்களும் இந்த மாதிரி செயலியில மாட்டியிருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. ரிசர்வ் வங்கியோட டிஜிட்டல் கடன் விதிப்படி, கடன் கொடுக்கிறதுக்கு முன்னாடியே முக்கிய விவர அறிக்கை தரணும். எல்லாக் கட்டணமும் சேர்த்த வருடாந்திர வட்டி சதவீதம் அதுல இருக்கணும். 'கூலிங் ஆஃப்' காலம்னு ஒண்ணும் உண்டு. அதுக்குள்ள அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாம கடனை விட்டு வெளியே வந்துடலாம். ப்ராசஸிங் கட்டணம் மட்டும் நியாயமான அளவுல பிடிக்கலாம். அவன் கையில அந்த அறிக்கை பிடிஎஃப்பா இருந்துச்சு. திறந்து பார்க்கவே இல்ல.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில இதை அவன் சொன்னப்போ எனக்குக் கோபம் என் மேலதான் வந்தது. பட்ஜெட் போட்டது நான். இடம், கார், டென்ட் எல்லாம் முடிவு பண்ணிட்டுக் கடைசியா வகுத்தேன். முதல்ல ஆளுக்கு எவ்வளவு முடியும்னு கேட்டிருக்கணும். அதையும் குரூப்ல கேட்கக் கூடாது. குரூப்ல யாரும் குறைஞ்ச தொகையைச் சொல்ல மாட்டாங்க.

இப்போ நாங்க பண்றது இதுதான். ஒவ்வொருத்தரும் "என்னால அதிகபட்சம் இவ்வளவு"ன்னு ஒரு தொகையைத் தனியா ஒரே ஆளுக்கு அனுப்பணும். அவர் யார் எவ்வளவுன்னு சொல்ல மாட்டார். வந்ததுலயே சின்னத் தொகை எதுவோ அதுதான் ஆள் பட்ஜெட். அதுலயும் அஞ்சுல ஒரு பங்கைத் தொடாம வைக்கிறோம். எங்க கேங்ல அதுக்குப் பேரு 'காத்துக் காசு'. மிஞ்சினா திரும்ப வந்துடும். அதுக்கு மேல ஆசைப்படுறவங்க, உதாரணத்துக்கு ஏசி ரூம், போட்டிங், சொந்தக் காசுல பண்ணிக்கலாம். வசதி இருக்கிறவன் கூடக் கொடுக்க நினைச்சா "உன் பங்கை நான் போடுறேன்"னு சொல்றதை விட "டீசல் என்னோடது"ன்னு சொல்றது நல்லது. யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை.

பணம் சேர்க்கிறதுக்கு ஆளாளுக்கு அவங்கவங்க பேங்க்ல மாசம் 500 ரூபாய் ஆர்.டி., பத்து மாசம். ஒருத்தர் கணக்குல எல்லார் பணத்தையும் போடாதீங்க, நட்பு எவ்வளவு கெட்டியா இருந்தாலும் சரி.

அடுத்த டிரிப்புக்குத் தொகை கேட்டு வாங்கினது நான்தான். குறைஞ்ச தொகை 2,200. அதனால கார் கிடையாது, மதுரை போய் ராமேஸ்வரம் ரயில். அந்த 2,200 அனுப்பினது மில் நண்பன் இல்ல. யாருன்னு குரூப்லயும் சொல்லலை, இங்கயும் சொல்ல மாட்டேன்.