மரமுந்திரிகைப் பழச்சாறு: வீட்டில் செய்யத்தக்க அரைபொறியும் பிழிபொறியும்

பெரும்போக நெல் அறுவடை முடிந்து, களத்து வேலை ஓயும் காலத்தில் மரமுந்திரிகை பழுக்கத் தொடங்குகின்றது. மாசி முதல் சித்திரை வரை புத்தளம், மன்னார், மட்டக்களப்பு முதலிய வறண்ட பகுதிகளில் வளவுகளிலும் மேட்டுநிலங்களிலும் பழங்கள் உதிர்ந்து கிடப்பதைக் காணலாம். கமக்காரர் கொட்டையை மட்டும் திருகி எடுத்துப் பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகின்றனர். பழத்தின் நிறை கொட்டையின் நிறையைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்காகும். எனவே, ஒரு கிலோகிராம் கொட்டையை எடுப்பவர் எட்டுக் கிலோகிராம் பழத்தை ஈக்கும் எறும்புக்கும் கொடுக்கின்றார் எனலாம். தோடம்பழத்திலும் நான்கைந்து மடங்கு உயிர்ச்சத்து 'சி' இப்பழத்தில் உண்டு.

இப்பழம் வீணாவதற்குக் காரணங்கள் இரண்டு. பழம் ஒரு நாளுக்குமேல் கெடாமல் இராது என்பது ஒன்று; சாறு தொண்டையைக் காறச் செய்யும் என்பது மற்றொன்று. பழத்தை அன்றன்றே பிழிவதற்கு வீட்டில் ஒரு பொறி இருந்தால் முதற் குறை நீங்கும். பிழிந்த சாற்றைத் தெளியவைத்தால் இரண்டாவது குறையும் பெரிதும் நீங்கும்.

பிற நாடுகளின் வழக்கம்

இங்கிலாந்தின் கிராமங்களில் அப்பிள் பழத்தைப் பல் வைத்த உருளையால் அரைத்து, துணியில் பொதிந்து, பொதிகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிப் பிழிவது பழைய வழக்கம். கோவாவில் மரமுந்திரிகைப் பழத்தைக் காலால் மிதித்து, எஞ்சிய சக்கையைப் பாரமான கல்லின் கீழ் வைத்துப் பிழிவர். அரைத்தல், பொதிதல், மெல்ல அழுத்துதல் என்னும் மூன்றுமே இவற்றின் அடிப்படை. இவற்றைக் கிராமத்துத் தச்சர் ஒருவர் எளிதிற் செய்து கொடுக்கலாம்.

இரும்பு ஆகாது

பொறியைச் செய்யுமுன் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். மரமுந்திரிகைச் சாற்றிலுள்ள 'தனின்' என்னும் துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்ந்தால் மைபோற் கறுக்கும். சாறு படும் இடத்தில் ஓர் இரும்பாணி இருந்தாலும் சாறு நிறம் கெட்டுச் சுவை மாறும். ஆகையால் பழமும் சாறும் படுகின்ற பகுதிகள் யாவும் மரமாகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ இருத்தல் வேண்டும். முதிரை, பாலை போன்ற வைரமான மரம் நன்று. வேம்பு கசப்பேற்றுமாதலால் அதைத் தவிர்க்க.

அரைபொறி

12 அங்குல நீளமும் 6 அங்குல விட்டமுமுள்ள மர உருளை ஒன்றைக் கடைந்துகொள்க. அதன்மேல் ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளை, தலை ¼ அங்குலம் வெளியே நிற்குமாறு செலுத்துக. ஒரு வரிசையின் ஆணிகள் அடுத்த வரிசையின் இடைவெளிகளுக்கு நேரே அமைதல் வேண்டும். உருளையின் நடுவே துருப்பிடிக்காத உருக்கு அச்சொன்றைச் செலுத்தி, ஒரு முனையில் 12 அங்குல நீளமான கைபிடியைப் பொருத்துக. அச்சைத் தாங்கும் துளைகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாற் போதும்.

உருளைக்கு மேலே பழமிடும் பெட்டியையும், ஒரு பக்கத்தில் சாய்வான பலகையையும் அமைக்க. ஆணித் தலைக்கும் பலகைக்கும் இடையே ¼ அங்குல இடைவெளி விடுக. பழம் இவ்விடைவெளியில் கிழிந்து கீழே விழும். அதைக் கூழாக்க வேண்டியதில்லை. கூழானால் துணியின் கண்கள் அடைபட்டுச் சாறு வடியாது. கை பெட்டிக்குள் செல்லாதிருக்க, பழத்தை மரக்கட்டையால் தள்ளுக.

பிழிபொறி

கிணற்றுத் துலாவின் தத்துவமே இதிலும் பயன்படுகின்றது. ஆறரை அடி நீளமான இரண்டு தூண்களை, ஐந்து அங்குல இடைவெளியில், மூன்று அடி ஆழத்துக்கு நடுக. மேல்நோக்கி இழுபடாதிருக்க, அவற்றின் அடியில் மூன்றடி நீளமான குறுக்குக் கட்டையை மரையாணியால் இணைத்து, கல்லும் மண்ணும் இட்டு நன்றாக இடித்தல் வேண்டும். நிலத்திலிருந்து 30 அங்குல உயரத்தில் இரு தூண்களையும் ஊடறுத்துப் பலமான முளையொன்றைச் செருகுக.

பத்தடி நீளமும், 4 அங்குல உயரமும், 3 அங்குல அகலமுமுள்ள வைரமரத் தீராந்தியே பிழிபொறியின் துலாவாகும். அதன் ஒரு முனை முளையின் கீழ் அடங்கும். முளையிலிருந்து ஓர் அடி தள்ளி, ஓர் அடி உயரமான மரக்குற்றியின்மேல் பிழிதட்டை வைக்க. தட்டைச் சுற்றி விளிம்பும், ஒரு பக்கத்தில் சாறு வடியும் மூங்கிற் குழாயும் இருத்தல் வேண்டும்.

துலாவின் மறு நுனியில் 10 கிலோகிராம் மணல் மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டால், தட்டின்மேல் 100 கிலோகிராம் அழுத்தம் உண்டாகும். ஆறு மூட்டைகள் 600 கிலோகிராம் அழுத்தத்தைத் தரும். துலா பக்கவாட்டிற் சாயாதிருக்க, நுனியின் இரு பக்கமும் கம்பு நடுக. பாரம் தொங்கும்போது துலாவின் கீழ் எவரும் நிற்றலாகாது; சிறுவரை அணுகவிடலாகாது.

பிழியும் முறை

காலையில் முதிர்ந்த, உடையாத பழங்களைச் சேர்க்க. கொட்டையின் கோதிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். ஆதலால் கோதை நசுக்காது திருகி அகற்றுக. அழுகிய பழங்களை ஒதுக்கி, மற்றவற்றை நல்ல நீரிற் கழுவுக.

அரைத்த பழத்தை இரண்டு கிலோகிராம் வீதம் துப்புரவான பருத்தித் துணியில் இட்டு, ஒன்பது அங்குலச் சதுரமான, ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள பொதியாக மடிக்க. ஐந்து பொதிகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்குமிடையே மரச்சலாகைத் தட்டியொன்றை வைக்க. சாறு இச்சலாகைகளின் இடைவெளியால் வடியும். அடுக்கின்மேல் தடித்த பலகையும், அதன்மேல் கட்டைகளும் வைத்துத் துலாவை இறக்குக.

முதலில் ஒரு மூட்டை மட்டும் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருக்க. பின்னர் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக மற்ற மூட்டைகளைச் சேர்க்க. அவசரப்பட்டு ஒரேயடியாகப் பாரத்தை ஏற்றினால் துணி கிழியும். சக்கை ஓர் அங்குலம் தாழும்போது துலாவின் நுனி பத்து அங்குலம் தாழும். நுனி நிலத்தை அணுகுமுன் மூட்டைகளை இறக்கி, மேலும் ஒரு கட்டையை வைத்து மறுபடி தொங்கவிடுக. பத்துக் கிலோகிராம் பழத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து லீற்றர் சாறு எதிர்பார்க்கலாம்.

காறலை நீக்குதல்

ஒரு லீற்றர் சாற்றுக்கு 5 கிராம் சவ்வரிசி வீதம் எடுத்து, பொடித்து, சிறிதளவு நீரிற் கூழாகக் காய்ச்சி ஆறவிடுக. அதைச் சாற்றில் நன்கு கலந்து, மூடிக் குளிர்ந்த இடத்தில் ஓரிரவு வைக்க. துவர்ப்புப் பொருள் கூழுடன் சேர்ந்து அடியிற் படியும். காலையில் மேலேயுள்ள தெளிந்த சாற்றை மெல்ல ஊற்றி வடிகட்டுக. அதற்குமேல் தாமதித்தால் சாறு புளிக்கும். உரிமமின்றி மதுபானம் தயாரித்தல் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் நினைவிற் கொள்க.

பாகாகச் சேமித்தல்

தெளிந்த சாறு 1 லீற்றருக்குச் சீனி 2 கிலோகிராமும் சித்திரிக்கமிலம் 15 கிராமும் சேர்த்து, சீனி கரையும்வரை இளஞ்சூட்டிற் காய்ச்சி வடிகட்டுக. கொதிநீரில் அவித்தெடுத்த கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பி இறுக மூடுக. இவ்வளவு சீனி இருப்பதால் பாகு எளிதிற் கெடாது. ஒரு பங்கு பாகுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு குளிர்நீர் சேர்த்துப் பருகலாம். சீனிச் செலவு பெரிதாகையால், முதன்முறை ஒரு லீற்றரிற் செய்து பார்த்து, கைபழகிய பின்னர் அளவைக் கூட்டுதல் புத்தியாகும். விற்பனைக்குச் செய்ய எண்ணுவோர் முன்னதாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைப் பெறுக.

சக்கையும் துப்புரவும்

பிழிந்த சக்கையை வைக்கோலுடனும் சாணத்துடனும் அடுக்கிக் கூட்டெரு ஆக்கினால் அடுத்த போக மரக்கறிப் பாத்திக்கு உதவும். அன்றன்று வேலை முடிந்ததும் உருளை, தட்டு, சலாகைகள் யாவற்றையும் கொதிநீரால் தேய்த்துக் கழுவி வெயிலிற் காயவைக்க. துணிகளை நீரிற் கொதிக்கவைத்து உலர்த்துக. முதல்நாட் சாறு ஒட்டியிருக்கும் பொறி மறுநாட் சாற்றைப் புளிக்கச் செய்யும்.

பொறியைத் தை மாதத்திலேயே செய்து முடித்தல் நன்று. பழம் உதிரத் தொடங்கிய பின் தச்சரைத் தேடுபவருக்கு அவ்வருடப் பழம் மண்ணுக்கே போகும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.