பெட்டிக்கு முன் லைன்

அன்புள்ள தம்பிக்கு,

திருப்பூர் பனியன் கம்பெனியில் நீ பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க்கில் சொந்த மெயில் சர்வரும் வேண்டும் என்று முதலாளி சொன்னதாக எழுதியிருந்தாய். முப்பது கம்ப்யூட்டர், ஒரு ரவுட்டர், ஒரு ஃபைபர் லைன். சர்வரை நிறுவுவது இதில் சின்ன வேலை. வீட்சே வெனிமா ஐபிஎம்மில் இருந்தபோது எழுதி 1998-இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ், டிமோ சிரைனன் எழுதிய டவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். பெரிய மெஷினும் வேண்டாம்.

அது அனுப்பும் மெயிலை ஜெர்மனியில் இருக்கும் பையரின் சர்வர் வாங்கிக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி. 1982-இல் ஜான் போஸ்டல், மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறையை வகுத்தபோது, அனுப்புகிறவர் சொன்ன பெயர் உண்மைதானா என்று பார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. ஸ்பேம் பெருகிய பிறகு ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்டார்கள். எந்த ஐபி முகவரியிலிருந்து அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். மெயிலில் கையெழுத்திடுவது டிகிம். இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கெடுபிடியைக் கூட்டிவிட்டது. நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். சிறிய கம்பெனியும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். நீ மூன்றையும் போட்டுவிடு.

இவற்றோடு பிடிஆர் பதிவையும் ஜிமெயில் பார்க்கிறது. ஐபி முகவரியைக் கொடுத்தால் சர்வரின் பெயரைச் சொல்லும் பதிவு அது. டொமைன் வாங்கிய இடத்தில் இதைத் தேடி அலைகிறவர்கள் உண்டு, அங்கே கிடைக்காது. ஐபி யாருடையதோ அவர்கள், அதாவது இன்டர்நெட் லைன் கொடுத்தவர்கள்தான் போட்டுத் தர வேண்டும். ஆகவே முதல் போன் அவர்களுக்கு. நிலையான ஐபி தருவார்களா, பிடிஆர் போடுவார்களா, சர்வர்கள் தங்களுக்குள் மெயில் கொடுத்து வாங்கும் போர்ட் 25-ஐத் திறந்துவிடுவார்களா? மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் நேரடியாக அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடு. லைன் இடம் கொடுத்தால் உள்வரும் மெயில் உன் சர்வருக்கு வரட்டும்; வெளியே போவதைக் காசு கொடுத்து ஒரு ரிலே சேவை வழியாக அனுப்பு. இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

ஏற்கெனவே இருக்கும் நெட்வொர்க்கில்தான் பெரிய வம்பு இருக்கிறது. முப்பது கம்ப்யூட்டரும் வெளியுலகுக்கு ஒரே ஐபியாகத்தான் தெரியும். கூட்டுக்குடும்பத்தில் ஒருவன் வாங்கிய கடனுக்கு வீட்டுப் பெயரே கெடுவதுபோல, பேக்கிங் செக்‌ஷன் கம்ப்யூட்டரில் புகுந்த வைரஸ் ஸ்பேம் அனுப்பினால் ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியலில் ஏறுவது மெயில் சர்வரின் ஐபி. மெயில் சர்வரைத் தவிர வேறு எதுவும் போர்ட் 25 வழியாக வெளியே போகக் கூடாது என்று ரவுட்டரில் ஒரு விதி எழுது. ஊழியர்கள் மெயில் அனுப்ப 587 இருக்கிறது, பாஸ்வேர்டோடு. சர்வரையும் தனி விலானில், அதாவது நெட்வொர்க்கின் தனிப் பிரிவில் வை.

கரண்ட் போனால் மெயில் தொலைந்துவிடும் என்று முதலாளி பயப்படுவார். தொலையாது. எதிர்முனை சர்வர் பொதுவாக நாலைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். ஆனால் கரண்ட் வரும்வரை பையரின் ஆர்டரை யாரும் படிக்க முடியாது. யுபிஎஸ் செலவையும் கணக்கில் சேர்.

பராமரிப்பு யார் என்பதையும் இப்போதே கேட்டுவிடு. 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரில் இருந்த ஓட்டைகள் வழியே ஹேக்கர்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான சர்வர்களுக்குள் புகுந்தார்கள். அடிபட்டவை கம்பெனிகள் சொந்த இடத்தில் வைத்திருந்தவை. மைக்ரோசாஃப்ட் தானே நடத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனை அது தொடவில்லை. நீ லீவில் இருக்கும் வாரம் அப்டேட் போட ஆள் உண்டா? இல்லையென்றால் மாதக் கட்டணச் சேவையே மேல் என்று முதலாளியிடம் தயங்காமல் சொல்.

அப்படியும் சர்வர்தான் என்று முடிவானால், மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவின் டிடிஎல்லை, அதாவது மற்றவர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே 300 வினாடியாகக் குறைத்து வை. பழைய மெயில் கணக்கை ஒரு மாதமாவது மூடாதே. லைன்காரர்கள் பிடிஆர் பற்றி என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
சித்தப்பா