பிள்ளை பேசலையா? முதல்ல காதைப் பாருங்க!



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று கணக்குப் பாடமே பல மாதம் படித்தோம். இந்த மாதம் நம் பிள்ளைகளின் பேச்சைப் பற்றிப் படிப்போம்.

நம் குழு ஒன்றின் கூட்டத்துக்கு ஒரு சகோதரி தன் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். வயது இரண்டரை. ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்கு, "இவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாராம். தானா வரும்னு அத்தை சொல்றாங்க" என்றார். "காது கேக்குதா?" என்று கேட்டோம். "வெடிச் சத்தத்துக்குத் திடுக்குனு திரும்புறானே, கேக்காமலா இருக்கும்?" என்றார்.

நாமும் சரியென்று விட்டுவிட்டோம். ஆறு மாதம் ஓடிவிட்டது. அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பையனுக்குப் பெரிய சத்தம் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை. இப்போது காதுக் கருவி போட்டுப் பயிற்சிக்குப் போகிறான். "அம்மா", "தண்ணி" என்று ஆரம்பித்திருக்கிறான். ஆனால் அந்த ஆறு மாதத்தை நம்மால் திருப்பித் தர முடியுமா? அதனால்தான் இந்தப் பாடம்.

காது வழியாகத்தான் பேச்சு

குழந்தை நாம் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் பேசப் பழகுகிறது. வயிற்றில் இருக்கும் கடைசி மாதங்களிலேயே தாயின் குரல் அதற்குக் கேட்கும். முதல் மூன்று வருஷம் மூளை பேச்சை வேகமாகப் பிடித்துக்கொள்ளும் காலம். அந்த நேரத்தில் காது சரியாகக் கேட்காவிட்டால் பேச்சும் பின்தங்கிப் போகும்.

வெடி, மேளம், கதவு சாத்தும் சத்தம் இவையெல்லாம் பெரிய சத்தம். இதற்குத் திரும்புகிற பிள்ளைக்குப் பேச்சும் தெளிவாகக் கேட்கும் என்று சொல்ல முடியாது. பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

எந்த வயதில் என்ன?

- 2, 3 மாதம்: முகம் பார்த்துச் சிரிக்கும். "ங்கா", "ஊ" என்று சத்தம் கொடுக்கும்.
- 6 மாதம்: சத்தம் வரும் பக்கம் திரும்பும். "பா பா", "மா மா" என்று மழலை ஆரம்பிக்கும்.
- 1 வயது: பேர் சொன்னால் திரும்பும். டாட்டா காட்டும். பொருள் தெரிந்து ஒன்றிரண்டு வார்த்தை வரும்.
- ஒன்றரை வயது: வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டும். பல வார்த்தை சொல்லும்.
- 2 வயது: "அப்பா வா", "பால் வேணும்" என்று இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசும்.
- 3 வயது: சின்னச் சின்ன வாக்கியம் பேசும். வெளி ஆளுக்கும் பெரும்பாலும் புரியும்.

பிள்ளைக்குப் பிள்ளை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். "ர", "ழ" போன்ற எழுத்துகள் சுத்தமாக வர இன்னும் நாளாகும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஒரு வயதில் மழலையும் சைகையும் இல்லை, ஒன்றரை வயதில் ஒரு வார்த்தையும் இல்லை, 2 வயதில் இரண்டு வார்த்தை சேரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, முகம் பார்ப்பதில்லை, பேசிய பேச்சு நின்றுபோனது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை வந்த பிள்ளை, மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளை, காதில் சீழ் வடியும் பிள்ளை, சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளை இவர்களுக்குக் காதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வரும் என்பார்கள். கேட்காத காதுக்கு வசம்பு என்ன செய்யும்? காதில் எண்ணெயும் ஊற்றாதீர்கள். தாயைக் குறை சொல்வதையும் விட்டுவிடுவோம். இது யார் செய்த பாவமும் இல்லை.

எங்கே போவது?

2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. அன்றைக்குப் பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். காது சோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை. பிள்ளை தூங்கும்போதே செய்யலாம். காதுக் கருவியால் பயனில்லாத 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. வயது தாண்டினால் வாய்ப்புப் போய்விடும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

- பிள்ளை "ங்கா" என்றால் நாமும் முகம் பார்த்து "ங்கா" என்போம்.
- வேலை செய்துகொண்டே பேசுவோம்: "வெங்காயம் உரிக்கிறேன் பாரு, கண்ணு எரியுது."
- பிள்ளை "பஸ்" என்றால், "ஆமா, பெரிய பஸ் வருது" என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வோம்.
- கேள்வி கேட்டால் பதில் வரும்வரை கொஞ்சம் பொறுப்போம்.
- 2 வயது வரை செல்போன், டி.வி. வேண்டாம். செல்போன் பேசும், ஆனால் பிள்ளை சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லாது.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? யாருக்காவது பேச்சு தாமதமா?
2. பரிசோதனைக்குப் போக பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் தடையாக இருந்தால், உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போடலாமா?
3. துணைக்கு யார் போவது?

"தானா வரும்" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தையில் ஒரு பிள்ளையின் பேச்சே போய்விடலாம். இனி அப்படிச் சொல்ல மாட்டோம். "வா, நானும் கூட வர்றேன், காட்டிட்டு வருவோம்" என்று சொல்வோம்.